தொங்கானின் முள் திட்டம்

காட்டு ஓரத்தில் ஒரு வெட்டவெளி. அதன் ஒரு கோடியில் செவந்தி என்ற எலி, புருஷன் வீரணனோடும் ஒரே மகள் மினுக்கியோடும் வளையில் வாழ்ந்தது. மறு கோடியில் இருந்த அத்திமரத்தில் தொங்கான் என்ற குரங்கு குடியிருந்தது.

போன மழையில் செவந்தியின் நான்கு குட்டிகளில் மூன்றை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அன்றுமுதல் மினுக்கி தும்மினால்கூட அது ராத்திரி முழுக்கத் தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். இது தெரிந்துதான் தொங்கான் வந்தது.

"அக்கா, மாசம் ஒரு பிடி கதிர் போதும். முள்ளு, உண்ணி, சிரங்கு, சிராய்ப்பு, எது வந்தாலும் பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க. எத்தனை தடவை வேணும்னாலும் பார்ப்பேன். தனியா எதுவும் தர வேண்டாம்."

வீரணனுக்குப் பிடிக்கவில்லை. "முள்ளை நாமளே பல்லால எடுக்கிறோம். உண்ணியை நீ எனக்குப் பார்க்கிறே, நான் உனக்குப் பார்க்கிறேன். இதுக்கு எதுக்குக் கதிர்?"

"பிள்ளை விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்றது செவந்தி. அன்று இரவே ஒரு பிடி கதிரைக் கொண்டுபோய்த் தொங்கானிடம் கொடுத்தது.

முதல் மாதம் மினுக்கிக்கு ஒன்றுமே வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய தாய்க்கோ மனசு அரித்தது. கொடுத்த கதிர் வீணாகிறதே! அடுத்த மாதம் மினுக்கி காதைச் சொறிந்தாலே போதும், அத்திமரத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடியது.

எலிகள் பகலில் வெட்டவெளியில் கால் வைப்பதில்லை. குரங்கு வைத்தியம் பார்ப்பதோ பகலில்தான். முதலில் செவந்தி பயந்து பயந்து போனது. நாலு முறை போய்ப் பழகியதும் பயம் விட்டுப்போனது.

ஒரு மத்தியானம் மினுக்கியின் காலில் சின்ன முள் தைத்தது.

"நீயே கடிச்சு எடுத்துடும்மா."

"அப்புறம் எதுக்குக் கதிர் கொடுத்தோம்? வா."

பாதி வழியில் மேலே நிழல் விழுந்தது. பருந்து! செவந்தி உருண்டு ஒரு கல்லில் மோதியது. எழுந்து பார்த்தபோது பக்கத்தில் மகள் இல்லை.

செவந்தி எப்படியோ அத்திமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. "தொங்கா, என் பிள்ளையைப் பருந்து..." என்றது.

குரங்குக்கும் வருத்தம்தான். தலையைச் சொறிந்தபடி, "பருந்து நம்ம திட்டத்துல சேராதே அக்கா" என்றது. பிறகு அதன் முகத்தைக் குனிந்து பார்த்து, "உங்க மூக்குல சிராய்ச்சிருக்கு. அது சேரும். காட்டுங்க" என்றது.

செவந்தி மூக்கைக் காட்டியது. வேறென்ன செய்யும், பாவம்? தொங்கான் மருந்து தடவி முடித்த பிறகும் அது எழுந்திருக்கவில்லை. வளையில் காத்திருக்கும் வீரணனிடம் போய் என்ன சொல்வதென்று அதற்குத் தெரியவில்லை.

வீட்டிலேயே தீரும் சிறு நோவுக்கெல்லாம் கூடுதல் காப்பீடு வாங்குமுன், அதிலிருந்து என்ன கிடைக்கும் என்பதோடு, கொடுத்துவிட்டோமே என்ற எண்ணம் நம்மை எங்கே இழுத்துப்போகும் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.