உப்புத்தண்ணி படாத சக்கரம்

சிப்பிக்கரையில அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. இருக்கிறத யாரும் எடுத்துச் செலவழிக்கல, அவ்வளவுதான்.

அந்த ஊரு இன்னாசிக்கு ஒரே ஒரு கவலை. அவன் ஓட்டுற ஃபைபர் படகு மாமனார் கஸ்பாருடையது. அதுலதான் அவன் குடும்பமே ஓடுது. போன வருஷம் பக்கத்து ஊரு மாதா கோயில் திருவிழாவுல படகுப்போட்டி. டிரெய்லர்ல ஏத்தி இழுத்துட்டுப் போகையில சக்கரத்து பேரிங் உடைஞ்சு, படகு நடுரோட்டுலயே நின்னுபோச்சு. ஊரே சிரிச்சது.

இந்த வருஷம் மாமனார் தீர்மானமாச் சொல்லிட்டாரு. "மருமவனே, போட்டியில படகு ஓடலன்னா, அத உம்ம சகலைக்குக் குடுத்துருவேன்."

அதனால திருவிழா அன்னைக்கு விடிஞ்சதுமே இன்னாசி படகை டிரெய்லர்ல ஏத்தி, டிராக்டர்ல மாட்டிட்டான். கூட்டாளிங்க சூசையும் தொம்மையும் கூட ஏறிக்கிட்டாங்க. வழியில ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்பாப் பாத்து சக்கரத்தக் காட்டிட்டுப் போறதுன்னு முடிவு.

முதல் ஒர்க்‌ஷாப்ல ஒரே கூட்டம்.

"இங்க வேணாம்ல," அப்படின்னான் சூசை. "எட்டு வண்டி நிக்கி. எட்டும் ரிப்பேரு. இவரு கை வச்சு எது உருப்பட்டிருக்கு?"

"ஆமா, அங்க போனா நம்மளதும் ரிப்பேராயிரும்," அப்படின்னு பயந்தான் தொம்மை.

அடுத்த ஒர்க்‌ஷாப்ல ஒரு வண்டி கூட இல்ல. மெக்கானிக் பேச்சிமுத்து பெஞ்சுல குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாரு.

"பாத்தியளா! எல்லா வண்டியையும் சரிபண்ணி முடிச்சிட்டுப் படுத்திருக்காரு மனுசன்," அப்படின்னு இன்னாசி கை எடுத்துக் கும்பிட்டான்.

நல்லவேளை, பேச்சிமுத்துக்கு வேலை தெரியும். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்து மூடியக் கழட்டினாரு. உள்ள இருந்து ஒரு கை உப்புத்தண்ணி ஊத்துச்சு. பின்னாலயே ஒரு குட்டி நண்டு எறங்கி நடந்து போச்சு.

"கடைசியா எப்பய்யா கிரீஸ் வச்சீங்க?"

"எங்களுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதுண்ணே," அப்படின்னான் இன்னாசி, அடக்கமா.

பேச்சிமுத்து அவனப் பாத்தாரு. நண்டையும் பாத்தாரு. யார்கிட்டப் பேசுறதுன்னு யோசிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் புது பேரிங் போட்டு, கிரீஸ விரலால அமுக்கி அமுக்கி வச்சு முடிச்சாரு.

"நல்லாக் கேட்டுக்கோங்க. சக்கரத்துல ஒரு சொட்டு உப்புத்தண்ணி படக் கூடாது. பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு, சக்கரத்து நடுவுல கை வச்சுப் பாருங்க. கொதிச்சா திருப்பிக் கொண்டாங்க. அது வரைக்கும் நம்பாதீங்க."

அங்க இருந்து போட்டி நடக்கிற கரை நாலு கிலோமீட்டர். ஒம்பதரைக்கே போய்ச் சேந்துட்டாங்க. படகை மணல்ல சரிச்சுத் தண்ணியில தள்ளியாச்சு. டிரெய்லர என்ன பண்ணுறது?

"கரையிலயே நிக்கட்டும்," அப்படின்னான் தொம்மை.

"அலை ஏறி வந்தா?" அப்படின்னு கேட்டான் சூசை.

"மேட்டுல நிறுத்துவோம்."

"காத்துல சாரல் அடிக்கும்ல. ஒரு சொட்டுன்னு சொல்லிருக்காரு."

மூணு பேரும் இடுப்புல கை வச்சு ரொம்ப நேரம் கடலப் பாத்தாங்க. கடைசியில இன்னாசிக்குத்தான் பிடிபட்டுச்சு.

"ஏல, கடல்ல நனையாம இருக்கணும்னா நாம எதுல ஏறுவோம்?"

"படகுல."

"அப்புறம் என்னல?"

வேடிக்கை பாக்க வந்த பன்னெண்டு பேரு கை குடுத்து டிரெய்லரத் தூக்கிப் படகு மேல குறுக்க வச்சாங்க. சக்கரத்துக்கு ஒண்ணா பிளாஸ்டிக் பை மாட்டினாங்க. எதுக்குன்னு ஒருத்தர் கேட்டாரு. "மெக்கானிக் சொல்லிருக்காரு," அப்படின்னான் சூசை. அதுக்கு மேல யாரும் கேக்கல.

பத்து மணிக்குக் கொடி அசைஞ்சது. எல்லாப் படகும் வடக்க பாத்துச் சீறுச்சு. இன்னாசி படகு மட்டும் அசையல. கரையில கஸ்பார் தலையில கை வச்சுக் கத்துறாரு.

"ரோட்டுல நாலுதான ஓடிருக்கு? இன்னும் ஆறு கிலோமீட்டர் பாக்கி," அப்படின்னான் இன்னாசி. "சோதிக்காத பேரிங்க வச்சுக்கிட்டுப் போட்டியில எறங்கி, ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா மாமாவுக்கு யாருல பதில் சொல்லுறது?"

நியாயந்தான். கூட்டம் இல்லாத பக்கமா, கிழக்க திருப்பினாங்க. ஜிபிஎஸ்ஸப் பாத்துக்கிட்டே மெதுவா ஆறு கிலோமீட்டர் போய் இன்ஜின அணைச்சாங்க.

இன்னாசி பையக் கழட்டி, கண்ண மூடி, மாதாவ வேண்டிக்கிட்டு, சக்கரத்து நடுவுல கை வச்சான். சில்லுன்னு இருந்துச்சு. அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. சூசை தொட்டுப் பாத்தான். தொம்மை முத்தமே குடுத்துட்டான்.

அப்பத்தான் போன் அடிச்சது.

"மாமா, பேரிங் பிரமாதம்! இந்தா வாரோம், போட்டிய ஆரம்பிக்கச் சொல்லுங்க."

"முடிஞ்சு பரிசும் குடுத்தாச்சுல! படகு இனிமே உன் சகலைக்கு!"

போன் கட்டாச்சு. இன்னாசி அப்படியே ஒக்காந்துட்டான். பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லுறது, நாளைக்கு எதுல தொழிலுக்குப் போறது?

கடைசியில சூசை தொண்டையக் கனைச்சான். "படகத்தான எடுக்காரு? டிரெய்லரக் கேக்கலல்ல?"

"கேக்கல."

"ஆறு கிலோமீட்டர் கடல்ல வந்திருக்கு. நனையல, சூடாகல, ஒரு சத்தம் இல்ல. இந்தப் படகு என்னைக்காச்சும் இப்படி வந்திருக்கா?"

இன்னாசி முகம் மெல்லத் தெளிஞ்சது. "அப்ப நமக்கு எதுக்குல படகு?"

மூணு பேரும் எந்திரிச்சு, டிரெய்லர ஆளுக்கொரு மூலையாப் பிடிச்சாங்க.

"மெதுவாத் தூக்கிக் கடல்ல எறக்குங்கல," அப்படின்னான் இன்னாசி. "கிரீஸ் புதுசு."