எழுத்து அழியாத சோப்பு

அரசாங்க ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், ஆபரேஷன் ஆன ஐந்து பெண்களுக்குத் தையலில் சீழ் பிடித்துவிட்டது. ஏழாம் கட்டில் செண்பகம் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

பெரிய டாக்டர் ஆவுடையப்பன் வந்தால், முன்னால் ஓடிப்போய் ஒருவர் கதவைத் திறக்க வேண்டும். அவர் எல்லோரையும் கூட்டி நிறுத்தி, தரை துடைக்கிற மாடத்தியைக் கூப்பிட்டார்.

"கிருமி உன் மாப்புலதான் வந்திருக்கு. இல்லேன்னா யாரால வந்ததுன்னு நாளைக்குக் காலையில சொல்லு. வாயால சொன்னா செல்லாது, எழுத்துல வேணும். இல்லேன்னா வேலைக்கு வராதே."

மாடத்தி கைநாட்டு. அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் அவள் இரண்டு சோப்புகளைத் தட்டில் வைத்து அவர் மேஜைக்குக் கொண்டுவந்தாள்.

"எழுத்துல கேட்டீயளே ஐயா, கொண்டாந்திருக்கேன். ரெண்டும் ஒண்ணாந்தேதி நான் வச்ச சோப்பு. இது நர்ஸம்மாமார் கை கழுவுற இடத்துல உள்ளது."

அது நகமளவுக்குத் தேய்ந்திருந்தது.

"இது உங்களுக்குன்னு தனியா வச்சது."

அதில் கம்பெனி பெயர் ஓர் எழுத்துக்கூட மங்காமல் நின்றது.

"கட்டில் கட்டிலா தையலைத் தொட்டுப் பாக்குறது நீங்கதான். எனக்குப் படிக்கத் தெரியாது ஐயா. நீங்களே படிங்க."

ஆவுடையப்பன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சோப்பை எடுத்துக்கொண்டு, கதவைத் தானே திறந்து, கை கழுவப் போனார்.

அந்த வாரத்துக்குள் சோப்பில் எழுத்து அழிந்துவிட்டது. இறந்தவர் பதிவேட்டில் செண்பகத்தின் பெயர் அழியவில்லை.