நூறு பாறையும் ஒரு பாறையும்

ஒரு காட்டுக் குளம் வற்றிக்கொண்டிருந்தது. பத்தே நாளில் சேறாகிவிடும். சேறு காய்ந்தால் அதில் குடியிருக்கும் கிழட்டு ஆமை சொக்கையாவும் காய்ந்துவிடுவார். நண்டு நத்தைக்குக்கூட இது தெரிந்திருந்தது. சொக்கையா மட்டும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவரைக் கூட்டிப்போக, மகள் குமுதினி பெரிய ஏரியிலிருந்து மூன்றாவது தடவையாக வந்திருந்தாள்.

"முட்டி வலிக்குது. அவ்வளவு தூரம் யார் நடக்கிறது?"

"மெதுவா நடக்கலாம்ப்பா. நாம என்னிக்கு வேகமா நடந்தோம்?"

"ஏரித் தண்ணி எனக்கு ஒத்துக்காது."

"ஒரு வாய் குடிச்சுப் பார்த்திருக்கீங்களா?"

"உன் பிள்ளைங்க முதுகுல ஏறும்."

"உங்க முதுகு ஓடுப்பா. யானை ஏறினாக்கூடத் தெரியாது."

கடைசியாகக் குமுதினி பெருமையாகச் சொன்னாள்: "அங்கே வெயில் காய நூறு பாறை இருக்கு. உங்களுக்கே தனியா ஒண்ணு. ஒருத்தரும் கிட்டே வரமாட்டாங்க."

சொக்கையா தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். பேச்சு பிடிக்காவிட்டால் அதுதான் அவர் வழக்கம்.

மறுநாள் காலை, குளத்தின் ஒரே பாறைமேல் கிழட்டுத் தண்ணீர்ப் பாம்பு நீளமுத்து சுருண்டு கிடந்தது.

"எழுந்திருய்யா, என் இடம்."

"நேத்து உன் இடம். இன்னிக்கு நான் முந்திட்டேன், ஓட்டுக்காரா."

உச்சிவேளை வரை சண்டை. பிறகு சொக்கையா வயிறாரச் சாப்பிட்டார். முட்டி வலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

"நான் போயிட்டா பாறை இந்த வழுக்கல் பாம்புக்குத்தானே?" என்றார் உற்சாகமாக.

குமுதினிக்கு அப்போதுதான் உறைத்தது. நூறு பாறை என்று பீற்றிய தன் வாயை நொந்துகொண்டு, நேரே பாம்பிடம் போனாள்.

"மாமா, இங்கே உங்களுக்கும் தண்ணி இல்லாம போகப்போகுது. எங்க ஏரியில நடுப்பாறைதான் நல்ல பாறை. அப்பா வந்தா அதுதான் அவருக்கு."

"அவனுக்கா?" என்றது நீளமுத்து. அடுத்த நிமிடம் பாம்பைக் காணோம்.

ஓட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் குமுதினி சாவகாசமாகத் திரும்பினாள். "நீளமுத்து மாமா ஏரிக்குக் கிளம்பிட்டாரு. நடுப்பாறையைப் பிடிக்கணுமாம்."

ஓட்டுக்குள்ளிருந்து தலை வெடுக்கென்று வெளியே வந்தது.

"என் மக ஊர்ல அவனுக்கு என்ன பாறை! ஏன் நின்னுட்டிருக்கே? நட!"

வழியெல்லாம் மகள்தான் பின்தங்கினாள்.

இன்றும் அந்த ஏரியில் தொண்ணூற்றொன்பது பாறைகள் காலியாகக் கிடக்கின்றன. நடுப்பாறையில் மட்டும் காலை தவறாமல் சண்டை.

பெற்றவர்களை நம் பக்கத்தில் குடிவைக்க நினைத்தால், இங்கே என்னென்ன வசதி இருக்கிறது என்று அடுக்குவதை நிறுத்திவிட்டு, அங்கே எதை விட்டுவர அவர்களுக்கு மனமில்லை என்று பார்த்து, முடிந்தால் அதையும் சேர்த்துக் கூட்டிவர வேண்டும்.