ஆவணிக்குக் காத்திருந்த கால்

ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு கால் படுத்துக் கிடந்தது. தையல்காரர் ஆவுடையப்பனின் வலது கால். இருபது வருஷம் தையல் மெஷினை மிதித்து நாலு வயிற்றுக்குச் சோறு போட்ட கால். சர்க்கரை வியாதியில் உணர்ச்சி செத்துப்போய், உடைந்த ஊசி ஒன்று உள்ளங்காலில் ஏறியதுகூட அதற்குத் தெரியவில்லை. தெரிந்தபோது புண் பணியாரக் குழி அளவுக்கு ஆகியிருந்தது.

எதிர்ச் சுவரோரம் ஒரு புது இயந்திரம் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. புண்மேல் பஞ்சு வைத்து, காற்றுப் புகாமல் தாள் ஒட்டி, குழாய் வழியாகக் கெட்ட நீரை இழுத்து ஆற வைக்கிற இயந்திரம். ஏதோ ஒரு சங்கம் தானமாகக் கொடுத்தது. பெட்டிக்குக் குங்குமம் வைத்து, சிவப்பு ரிப்பனும் கட்டியாகிவிட்டது.

“அண்ணே, எனக்காகத்தானே வந்திருக்கீங்க? எப்ப வேலையை ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டது கால்.

“நான் இன்னைக்கே ரெடி தம்பி. இப்ப ஆடி மாசமாம். சங்கத் தலைவர் ஆவணியிலதான் ரிப்பன் வெட்டுவாராம்.”

“புண்ணுக்கு ஏதுண்ணே ஆடியும் ஆவணியும்?”

“நானும் அதைத்தான் கேக்கறேன். பெட்டிக்குள்ள இருந்து கேட்டா எவன் காதுல விழுது?”

நர்ஸ் எஸ்தர் பெரிய டாக்டரிடமே போய் நின்றாள். “சார், புண்ணைச் சுத்தம் பண்ணியாச்சு. ரிப்பனை அவிழ்த்து மாட்டிடலாம். விழாவுக்கு மறுபடி கட்டிக்கலாம் சார்.”

“கொடுத்தவங்க மனசு கோணும்மா. இருபது நாள்ல என்ன குடியா முழுகிப் போயிடும்?” என்றார் அவர்.

முழுகித்தான் போனது. ஒரே வாரத்தில் புண் எலும்பைத் தொட்டது, சீழ் மேலே ஏறியது. உயிராவது மிஞ்சட்டும் என்று முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்காக ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது கால், “நான்தான் அவசரப்பட்டுட்டேன் போலிருக்குண்ணே” என்றது.

ஆவணி பிறந்தது. தலைவர் நல்ல நேரம் பார்த்து வந்தார், ரிப்பன் வெட்டினார். போட்டோவுக்கு ஒரு நோயாளி வேண்டுமாம். ஆவுடையப்பனையே சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, மடியில் போர்வையைப் போட்டு மூடினார்கள். இதைச் செய்ய எப்படித்தான் கை வந்ததோ. குழாயின் நுனியைப் போர்வைக்குள் செருகிப் பொத்தானை அழுத்தினார்கள்.

இயந்திரம் இழுத்துப் பார்த்தது. வெறும் காற்றுதான் வந்தது. காற்றுப் புகுந்தால் கத்துவதற்கென்றே அதற்கு ஒரு குரல் வைத்திருந்தார்கள். அந்தக் குரலை முழுசாக எடுத்துக் கத்தியது: “பாவிகளா, கால் எங்கடா?”

வெளியே பீப், பீப் என்றுதான் கேட்டது.

“பரவாயில்லையே, நல்லா வேலை செய்யுதே” என்று தலைவர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.