செண்பகவல்லி வளர்த்த பவளம்

ஜெசிந்தா டீச்சரிடம் கேள்வி கேட்டுப் போனவர்களுக்கு நேரான பதில் கிடைத்ததாகத் தூத்துக்குடியில் யாரும் சொன்னதில்லை. பெண்கள் பள்ளியில் விலங்கியல் எடுப்பவர். வகுப்பில் எப்படியோ, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவர் வேறு ஆள். முன்னறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி. அதில் பவளங்கள் வளர்ந்தன, சின்ன மீன்கள் திரிந்தன. ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்த பத்துப் பன்னிரண்டு பேருக்கும் தொட்டியில் ஏதாவது வாடினால் போக்கிடம் அந்த முன்னறைதான்.

டீச்சருக்கு நாற்பது வயதுகூட இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். கோமதிநாயகம் எல்லோரிலும் மூத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அவருடைய வீட்டுத் தொட்டி உண்மையில் அவருடையது இல்லை. மனைவி செண்பகவல்லி வைத்தது. அவள் இருந்தவரைக்கும் இவர் அதைக் கேலி செய்ததோடு சரி. ஊரைச் சுற்றி உப்பளம் இருக்க, பாக்கெட் உப்பை வாங்கி வந்து கரைத்துக் கடல் செய்கிறாளே என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிறுநீரகம் கெட்டு நடமாட்டம் குறைந்த பிறகு, நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டு பகல் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அந்த நாற்காலி காலியானது. பிள்ளைகள் இல்லாத வீடு. மனுஷர் அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

இரண்டு கோமாளி மீன்கள் இருந்தன. நடுவில் ஒரு தோல் பவளம், உள்ளங்கை அகலம், காளான் குடை மாதிரி. குடை முழுக்கச் சின்னச் சின்ன விரல்கள். நீரோட்டத்தில் அவை அசைந்தபடியே இருந்தன. செண்பகவல்லி நகக்கண் அளவிலிருந்து வளர்த்தது. அவள் கைபட்டதில் உயிரோடு இருந்தது இது ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. அந்த நினைப்பு வந்த பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

காரியம் முடிந்த மறு ஞாயிறு டீச்சர் வீட்டில் போய் நின்றார்.

"இது சாகாம இருக்கணும் டீச்சர். நான் என்ன செய்யணும்?"

டீச்சர் உள்ளே போய் ஒரு கத்தரிக்கோலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"பாதிய நறுக்கி யாருக்காவது குடுங்க அண்ணாச்சி."

கோமதிநாயகம் கத்தரிக்கோலையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாகாம இருக்க வழி கேட்டா, வெட்டச் சொல்லுதீங்க."

"ஆமா."

"அவ வச்சிட்டுப் போனது டீச்சர் இது."

"தெரியும்."

கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் ஆத்திரம். படித்த பொம்பளை, இரக்கம் இல்லாத பொம்பளை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தார்.

அடுத்த ஞாயிறே திரும்பப் போக வேண்டி வந்தது. பவளம் விரல்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசினாற்போல் வழவழவென்று கிடந்தது.

"செத்துட்டு டீச்சர்."

"நாத்தம் வருதா?"

"இல்ல."

"அப்ப தோல் உரிக்கிது. சும்மா இருங்க."

"எத்தன நாளு?"

"அது உரிச்சு முடிக்கிற வரைக்கும்."

சும்மா இருப்பது கோமதிநாயகத்துக்கு வராத வேலை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தார். ஒருநாள் காலையில் அந்த மெழுகுத் தோல் கழன்று நீரோட்டத்தில் மிதந்து போனது. சாயங்காலத்துக்குள் விரல்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

டீச்சர் அவருக்கு உயிருணவு வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு பாட்டிலில் உப்புத் தண்ணீர், அதில் ஆர்டீமியா என்கிற பொடி இறாலின் முட்டை ஒரு சிட்டிகை, அடியில் காற்றுக் குழாய். மறுநாள் பாட்டிலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாய் உயிர்கள் துள்ளும். வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, மீனுக்கும் பவளத்துக்கும் போட வேண்டும்.

"எவ்வளவு போட?"

"ஒரு டீஸ்பூன்."

"பத்துமா? பசிக்காதா?"

"அது பாதிச் சாப்பாட்ட வெளிச்சத்துலயே எடுத்துக்கிடும். மிச்சத்துக்குத்தான் நீங்க."

"ரெண்டு ஸ்பூன் போட்டா என்ன டீச்சர்?"

டீச்சர் தன் தொட்டிக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"ரெண்டாவது ஸ்பூன் யாருக்கு அண்ணாச்சி?"

கோமதிநாயகம் முட்டைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

செண்பகவல்லிக்கு ஒரே தம்பி, சங்கரலிங்கம். கோவில்பட்டியில் இருந்தான். அக்கா இறந்த பிறகு வந்துபோன ஒவ்வொரு தடவையும் தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பான். ஒருநாள் கேட்டே விட்டான்.

"அத்தான், நானும் வீட்டுல ஒரு தொட்டி வச்சிருக்கேன். அக்கா வளத்ததுல ஒரு துண்டு தருவீங்களா?"

"முழுசா இருக்கட்டும் சங்கரா."

"சின்னத் துண்டு போதும் அத்தான்."

"நறுக்கினா தாங்காது. இனிமே அதக் கேக்காத."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை கோமதிநாயகம் இதைக் கொஞ்சம் பெருமையாகவே டீச்சரிடம் சொன்னார். டீச்சர் தன்னுடைய தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் ஓரத்தில் ஒரு தோல் பவளம் விரல்களை விரித்து அசைந்துகொண்டிருந்தது. வாரா வாரம் கோமதிநாயகத்தின் கண்ணில் படுவதுதான். அதிலென்ன அதிசயம் என்று விட்டுவிட்டார்.

செண்பகவல்லியின் முதல் திவசம் வந்தது.

ஐயர் வந்து போனார். காக்காய்க்குச் சோறு வைத்தார்கள். காக்காய் உடனே வந்து எடுத்தது. உறவுக்காரர்கள் அவள் மனசு நிறைந்துவிட்டது என்றார்கள். கோமதிநாயகத்துக்கு நிறையவில்லை. கடைசி ஒரு வருஷம் அவளுக்கு எதையும் இஷ்டத்துக்குச் சாப்பிடக் கூடாது. உப்புக் கூடாது, தண்ணீர்கூட அளந்துதான். ஒருநாள் மோர் கேட்டாள். டாக்டர் திட்டுவார் என்று இவர் கொடுக்கவில்லை. அந்த ஒரு டம்ளர் மோர் அவர் தொண்டையில் இன்னும் நின்றது.

முந்தின நாளே மூன்று பாட்டிலில் முட்டை போட்டு வைத்திருந்தார். கூடத்தில் பந்தி நடக்கும்போது பாட்டில்களை எடுத்துக்கொண்டு தொட்டியிடம் போனார். இரை அடித்துக்கொண்டு போகாமல் பவளத்தின் மேலேயே தங்கட்டும் என்று பம்ப்பை நிறுத்தினார். டீச்சரும் ஐந்து நிமிஷம் அப்படி நிறுத்துவதுண்டு. பிறகு வடிகட்டவும் இல்லை, அளக்கவும் இல்லை. மூன்று பாட்டிலையும் முட்டை ஓடும் கசடுமாக அப்படியே கவிழ்த்தார்.

"சாப்பிடு," என்றார் மெதுவாக. "இன்னைக்கு நல்லா சாப்பிடு."

தொட்டி முழுக்க ஆரஞ்சு நிறம் பரவியது. அத்தனை விரல்களும் இரையைப் பிடிப்பதைப் பார்த்தபோது, அந்த மோரை இப்போதாவது கொடுத்துவிட்டதுபோல் அவருக்கு இருந்தது. அதற்குள் கூடத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஒருவருக்குப் பாயசம், ஒருவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சங்கரலிங்கம் தொட்டிப் பக்கம் போகாமலே விடைபெற்றான். எல்லோரும் போன பிறகு கோமதிநாயகம் படுத்தார். அந்த வருஷத்தில் அவர் அப்படித் தூங்கியதே இல்லை.

விடியும்போது வீடு அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அமைதி அவருக்கு உறைத்தது. பம்ப் சத்தம் இல்லை. அவர் நிறுத்திய ஸ்விட்ச் நிறுத்தியபடியே இருந்தது.

தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. மீன் இரண்டும் மல்லாந்து கிடந்தன. பவளத்தைத் தொட்டதும் விரலோடு கொழகொழவென்று வந்தது. நாற்றம் வந்தது.

அதை ஒரு தூக்குவாளியில் வைத்து எடுத்துக்கொண்டு, சட்டைப் பித்தான்கூடச் சரியாகப் போடாமல், டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மூடிவிட்டார்.

"எவ்வளவு போட்டீங்க?"

"இருந்தது எல்லாம். திவசம் டீச்சர். படையல் மாதிரி போட்டேன். பம்ப்ப திருப்பிப் போட மறந்துட்டேன்."

டீச்சர் தூக்குவாளியை வாங்கிப் படியில் வைத்தார்.

"நான்தான் கொன்னுட்டேன்."

"ஆமா அண்ணாச்சி."

ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தால், அது வரவில்லை. ஆனால் டீச்சர் பைகளைக் கீழே வைத்தார். பள்ளிக்கு போன் செய்து முதல் பீரியடுக்கு வர முடியாது என்றார். ஒரு நாற்காலியைத் தன் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

"ஓரத்துல இருக்கே, அது என்னது அண்ணாச்சி?"

"தோல் பவளம். உங்களோடது."

"வெள்ளம் வந்த வருஷம் ஞாபகம் இருக்கா? இந்தத் தெருவுல நாலு நாளு கரண்ட் இல்ல. என் தொட்டியில ஒண்ணும் மிஞ்சல. உங்க வீட்டு அக்காவுக்கு முதல்ல ஒரு துண்டு குடுத்தது நான்தான். அத நறுக்கின தாய்ப் பவளமும் அந்த வெள்ளத்தோட போச்சு."

"அப்ப இது?"

"தண்ணி வடிஞ்ச மறுநாளு அக்கா ஆட்டோ புடிச்சி வந்தாங்க. கால்ல வீக்கம், படியேற முடியல. வாசல்ல நின்னுக்கிட்டே ஒரு டப்பாவ நீட்டினாங்க. அவங்க பவளத்துல பாதி."

கோமதிநாயகம் தொட்டியையே பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதைப் பார்த்துக்கொண்டே, அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே அவ."

"சொன்னா நறுக்க விட்டிருப்பீங்களா?"

அவர் அழுகிறாரா என்று டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு அந்தப் பழைய கத்தரிக்கோலையும் மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவையும் கொண்டுவந்து வைத்தார்.

"உங்க தொட்டியக் கழுவித் தண்ணி பழகுறதுக்கு மாசம் ஆவும். அதுவரைக்கும் துண்டு இங்கயே ஒரு கல்லுல ஒட்டிட்டு இருக்கட்டும். ஆனா நறுக்குறது நீங்கதான்."

கோமதிநாயகம் முழங்கை வரைக்கும் கையைக் கழுவினார். பிறகு டப்பாவைப் பார்த்தார்.

"இன்னொரு டப்பா வேணும் டீச்சர்."

"எதுக்கு?"

"சங்கரனுக்கு. இன்னைக்கு பஸ்ஸுலயே கொண்டு போயி குடுத்துட்டு வாரேன்."

டீச்சர் எடுத்துக் கொடுத்தார். கோமதிநாயகம் கையைத் தண்ணீருக்குள் விட்டார். கத்தரிக்கோலின் நிழல் பட்டதும் பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் கை நின்றுவிட்டது.

"நறுக்கினா இது செத்துராதே டீச்சர்?"

"இத்தன வருஷமும் இது எப்படி உயிரோட இருந்துச்சின்னு நெனைக்கீங்க அண்ணாச்சி?"