மரநாய் மாற்றி வைத்த பீப்பாய்

நாவல் மரங்கள் நிறைந்த ஒரு காட்டில் ஒச்சம்மா என்ற கரடியும் மாடப்பன் என்ற மரநாயும் அடுத்தடுத்த குகைகளில் வாழ்ந்து வந்தார்கள்.

ஒச்சம்மா காடி போடுவதில் கெட்டிக்காரி. காடி என்றால் வினிகர்தான். நாவல் பழத்தைப் பிழிந்து, சாற்றைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, பெரியதும் சிறியதுமாக ஐந்து மரப் பீப்பாய்களில் ஊற வைப்பாள். வருடத்துக்கு ஒருமுறை, ஆகச் சிறிய பீப்பாயிலிருந்து மட்டும் கொஞ்சம் எடுப்பாள். குறைந்ததை அடுத்த பெரிய பீப்பாயிலிருந்து ஊற்றி நிரப்புவாள். அந்தச் சின்னப் பீப்பாய்க் காடி கருகருவென்று, பாகு போலக் கெட்டியாக, புளிப்பும் இனிப்புமாக இருக்கும்.

கார்த்திகை விருந்தில் அவித்த கிழங்கின்மேல் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பரிமாறுவாள்.

"ஆகா! ஒச்சம்மா கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்று காடே புகழும். யானை ராசா அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.

மாடப்பனுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவளிடமே போனான். "அக்கா, எனக்கும் சொல்லிக் கொடு!"

"அதுக்கென்ன தம்பி!" என்று ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தாள். தன் பீப்பாய்களைச் செய்த மரங்கொத்தியிடமே சொல்லி, அவனுக்கும் அதே அளவில் ஐந்து செய்ய வைத்தாள். "பன்னிரண்டு வருஷம் ஆகும். அவசரப்படாதே!"

மூன்றாம் வருடமே மாடப்பன் ருசி பார்த்தான். தொண்டையை அறுத்தது.

"பாவி! முக்கியமானதை மறைத்துவிட்டாள்!" என்று பல்லைக் கடித்தான்.

அதன்பிறகு அவன் தன் காடியில் ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைக்கவில்லை. விட்டுவிடவும் மனமில்லை. வருடா வருடம் வற்றிக் குறைந்த அளவுக்குப் பீப்பாய்களை நிரப்புவான். நிரப்பிக்கொண்டே ஒச்சம்மாவைத் திட்டுவான். அவள் குகைப் பக்கமிருந்து காற்று வந்தால் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிப்பான். தன் பீப்பாயில் என்ன மணம் வருகிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் வருட விருந்து வந்தது.

"இந்தத் தடவை அவள் மானம் போகட்டும்!" என்று மாடப்பன் முடிவு கட்டினான். காலையில் ஒச்சம்மா கிழங்கு தோண்டப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய சின்னப் பீப்பாயைத் தன் குகைக்கு உருட்டி வந்தான். தன்னுடையதைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தான். இரண்டும் ஒரே அச்சு. ஒச்சம்மாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதைத்தான் விருந்துக்கு எடுத்து வந்தாள்.

யானை ராசா முதல் கிழங்கை வாயில் போட்டார். ஆடிக்கொண்டிருந்த காதுகள் அப்படியே நின்றன.

'இதோ, துப்பப் போகிறார்!' என்று மாடப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"அடடா! இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ருசியைக் கண்டதில்லை!" என்றார் ராசா. குரங்குகள் இலையையே நக்கின.

ஒச்சம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். திகைத்துப் போனாள்.

"ராசா, இது என் காடி இல்லை. இந்த மணம் என் காடிக்கு ஒருநாளும் வந்ததில்லை. நடுவில் ஒரு சொட்டும் எடுக்காமல் ஊறவிட்டதுபோல, என்னுடையதைவிட இது உசத்தி. போட்டவர் யாரோ, அவர் வந்து என் இடத்தில் உட்காரட்டும்!"

மாடப்பன் தன்னை மறந்தான். துள்ளி எழுந்துவிட்டான்.

"நான்தான் ராசா! அது என் காடி!"

"நீயா? பலே! ஆனால் உன் காடி ஒச்சம்மா குகைக்கு எப்படி வந்தது?"

மாடப்பன் தன் குகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். காடே அவனைப் பார்த்தது. ஒச்சம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கண் கலங்கியது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் காடியை நானே பரிமாறி, உன் பெயரைச் சொல்லியிருப்பேனே தம்பி!"

"திருடியவனை என் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டேன்," என்றார் யானை ராசா. "போய் அவள் பீப்பாயைக் கொண்டு வா!"

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாடப்பன் அதை உருட்டி வந்தான். அதற்குள் மற்றவர்கள் அவனுடைய சின்னப் பீப்பாயையே கவிழ்த்து, பன்னிரண்டு வருடக் காடியைக் கடைசிச் சொட்டுவரை வழித்துத் தின்று முடித்திருந்தார்கள். அதன் ருசி எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியாமலே போயிற்று.

அடுத்தவர் சிறப்பைக் கண்டு பொருமுகிறவன், தன்னிடம் உள்ள சிறப்பை அறியாமலே இழந்துவிடுவான்.