நாற்பத்தொன்றாவது வண்டி

மதுரையில் ஆம்புலன்ஸ்களை அனுப்பிவைக்கும் புரோகிராம் எழுதுகிற கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே குருவுக்கு வயது முப்பது. சீடருக்கு நாற்பத்தேழு.

குருவின் பெயர் ரிஸ்வானா. டீமுக்குத் தலைவி. சீடர் தணிகாசலம் இருபது வருடம் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்துவிட்டு, அங்கே ஆள்குறைப்பு வந்ததும் எல்லாவற்றையும் புதிதாகப் படித்துக்கொண்டு இங்கே சேர்ந்தவர். ரிஸ்வானாவை "குருவே" என்றுதான் கூப்பிடுவார். பாதி கிண்டல், பாதி நிஜம். எந்தப் பாதி எது என்று அவருக்கே தெரியாது.

சேர்ந்து ஆறாவது மாதம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வேலையை முடித்துக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

வேலை இதுதான். அந்தப் புரோகிராமுக்கு நாற்பது வண்டிக்கு மேல் எண்ணத் தெரியாது. புதிதாக வாங்கிய பதினொரு ஆம்புலன்ஸ்கள் ஷெட்டில் சும்மா நின்றன. எண்ணிக்கையைக் கூட்டவேண்டும் என்றால் நடுவிலிருந்த முந்நூறு வரிகளில் கைவைக்கவேண்டும். அதை எழுதியவர் எட்டு வருடத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். போகும்போது மேலே ஒரு வரி எழுதிவைத்திருந்தார்: "ஓடுகிறது. தொடவேண்டாம்."

இதற்கு முன் அதைத் தொடப்போன இரண்டு பேர் நல்ல பிள்ளைகளாக வேறு கம்பெனிக்குக் கம்பி நீட்டியிருந்தார்கள்.

தணிகாசலம் ஒன்பது நாள் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. பத்தாம் நாள், திங்கட்கிழமை, ரிஸ்வானாவின் மேஜைக்குப் போனார்.

"குருவே, பயமா இருக்கு."

"எதுக்கு சார்?"

"நான் ஒண்ணைத் தொட்டு, ஏதோ ஒரு ஊருக்கு வண்டி போகாம நின்னுட்டா? இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்க."

ரிஸ்வானா எழுந்து அவர் இருக்கைக்கு வந்தாள். குனிந்து, முந்நூறு வரிகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அழித்தாள்.

தணிகாசலம் அலறினார். "ஐயோ! என்ன மேடம் பண்றீங்க?" குரு என்பதெல்லாம் அந்த நிமிஷம் மறந்துபோனது.

"உங்க மெஷின்ல இருக்கிற நகல்தானே சார்? ஒரிஜினல் பத்திரமா இருக்கு. போன மாசம் வந்த ஆயிரம் போன்காலையும் இதுல ஓட விடுங்க. எதெல்லாம் நிக்குதுன்னு எழுதுங்க. நின்னதை ஒவ்வொண்ணா ஓட வைங்க."

அவ்வளவுதான். டீ குடிக்கப் போய்விட்டாள்.

தணிகாசலம் ஓடவிட்டார். ஆயிரமும் நின்றன. திரையில் ஒரு வண்டிகூட ஷெட்டைவிட்டு நகரவில்லை. முதலில், அருகில் இருக்கும் வண்டியைத் தேடும் பகுதியை எழுதினார். அறுநூறு கிளம்பின. வேறு நோயாளியோடு போயிருக்கும் வண்டியைத் தவிர்க்கச் சொன்னார். எண்ணூறு. செவ்வாய் போயிற்று. புதன் மதியம், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று அழைப்புகளுக்கு அவருடைய புரோகிராமும் பழையதும் ஒரே வண்டியைச் சொன்னன. புதியது ஐம்பத்தொரு வண்டியையும் எண்ணியது. மனுஷன் நாற்காலியைவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார்.

மீதி ஏழுதான் இடித்தது. ஏழும் மேலக்கரை என்ற ஊரிலிருந்து வந்தவை. ஏழும் காலை நேரம். இரண்டு கிலோமீட்டரில் ஒரு வண்டி நிற்க, பழைய புரோகிராம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த வண்டியை அனுப்பியிருந்தது. ஒரிஜினலைத் திறந்து தேடினார். இரண்டே வரி அதைச் செய்துகொண்டிருந்தது. காரணம் எழுதவில்லை.

பச்சைத் தப்பு என்றுதான் பட்டது. அந்த இரண்டு வரியை விட்டுவிட்டால் வேலை முடிந்தது. புதியதை லைவுக்கு, அதாவது நிஜப் பயன்பாட்டுக்கு, அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தார். விரல் நடுங்கியது. எடுத்துவிட்டார்.

அந்த ஒன்பது கிலோமீட்டர் வண்டியின் டிரைவர் ஒச்சப்பனுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, மேலக்கரைக்கு உங்களை ஏன் அனுப்புறாங்க? பக்கத்துலயே வண்டி இருக்கே?"

"பக்கந்தேன். நடுவுல ரயில்வே கேட்டு இருக்குல்ல? காலையில அடைச்சான்னா லேசுல தெறக்க மாட்டான். முன்னாடி அந்தப் பக்கத்து வண்டிய நாந்தேன் ஓட்டுனேன். ஒரு தடவ புள்ளத்தாச்சியை வச்சுக்கிட்டு இருபது நிமிசம் நின்னேன். அந்தக் கோவத்துல ஒங்க ஆபீசுக்குப் போன் போட்டு ஏசிப்புட்டேன். யாரோ ஒரு தம்பி, 'சரிண்ணே, மாத்திடுறேன்'னுச்சு. அன்னையிலருந்து பாலத்துவழியாப் போற இந்த வண்டியத்தேன் அனுப்புறாங்க."

"கேட்டு இன்னும் இருக்காண்ணே?"

"அது எங்க போகப்போகுது?"

தணிகாசலம் அந்த இரண்டு வரிகளையும் அப்படியே கொண்டுவந்து சேர்த்தார். மேலே ரயில்வே கேட்டின் கதையை எழுதி, ஒச்சப்பனின் நம்பரையும் போட்டார். ஆயிரத்துக்கு ஆயிரம் பொருந்தியது. நடந்ததையெல்லாம் ரிஸ்வானாவிடம் சொன்னார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் புதியது லைவுக்குப் போயிற்று. பத்தே காலுக்குத் திரையில் ஓர் அழைப்பு வந்தது. பக்கத்தில் ஓர் எண் பச்சையாக எரிந்தது. நாற்பத்தொன்று.

எட்டு வருடத்தில் அந்தத் திரை பார்த்திராத எண். பன்னிரண்டு நிமிடத்தில் "நோயாளியை ஏற்றியாயிற்று" என்று வந்தபோது மொத்த ஆபீசும் கத்தியது. யாரோ தணிகாசலத்தைத் தூக்கப் பார்த்து, எடை தெரிந்ததும் தோளில் தட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வங்கியில் முதல் சம்பளம் வாங்கியபோதுகூட இவ்வளவு சந்தோஷம் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரிஸ்வானாவிடம் வந்தார்.

"உங்க வேலை நிரந்தரம் சார். ஆர்டர் சாயந்திரம் வந்துரும்."

"ரொம்ப நன்றி. ஆனா ஒரு குறை, குருவே. பயம் போக வழி கேட்டேன். வேலை முடிஞ்சுது, பயம் போகலையே! இன்னைக்குக் காலையிலகூட கை நடுங்குச்சு."

"நேத்து அந்த ரெண்டு வரியை விட்டுட்டு அனுப்பப் போனீங்களே, அப்பவும் நடுங்குச்சா?"

"நல்லா நடுங்குச்சு."

"அதனாலதானே ஒச்சப்பன் அண்ணனுக்குப் போன் போட்டீங்க?"

"ஆமா."

"அப்புறம் அது எதுக்கு சார் போகணும்?"